சாக்ஸஃபோன் கொலோசஸ்: ஒரு டெனர் சாக்ஸ் ஆல்பத்தைப் பிரித்துக் கேட்க முழுமையான வழிகாட்டி

ஜாஸ் கேட்கத் தொடங்கும் பலரும் தடுக்குவது ஒரே இடத்தில்தான். மெட்டு வரும், பிடித்தும் போகும். ஒரு நிமிடத்தில் அது காணாமல் போய்விடும். பிறகு ஐந்து நிமிடத்துக்கு சாக்ஸ் எங்கெங்கோ ஓடும். என்ன நடக்கிறதென்றே புரியாது. உண்மையில் மெட்டு எங்கும் போய்விடவில்லை. அதன் நீளமும் அதன் கார்டுகளும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) அடியில் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சுற்றைப் பிடிக்கப் பழகுவதற்கான வழிகாட்டி இது.

இதற்கு எடுத்துக்கொண்ட ஆல்பம் டெனர் சாக்ஸ் கலைஞர் சோனி ராலின்ஸின் ‘சாக்ஸஃபோன் கொலோசஸ்’. 1956 ஜூன் 22 அன்று நியூ ஜெர்சி ஹாக்கன்சாக்கில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவாகி, பிரெஸ்டீஜ் நிறுவன வெளியீடாக வந்தது. ஊதுகருவி ஒன்றே ஒன்றுதான். அதனால் யார் வாசிக்கிறார் என்ற குழப்பம் வராது. ஐந்து பாட்டுகளும் ஐந்து வகை: கலிப்ஸோ என்ற கரீபிய இசை, மெல்ல நகரும் பாலட், வேகமான பீபாப் (ஜாஸின் ஒரு வகை; பாப் இசை அன்று), நாடகப் பாட்டு, ப்ளூஸ். மொத்தம் ஏறக்குறைய 40 நிமிடம். பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான டெனர் சாக்ஸ் ஆல்பத்தைக் காட்டுவது கடினம்.

## 1. முன்கூட்டியே வேண்டியவை

ஹெட்ஃபோன் அல்லது ஓரளவு நல்ல ஸ்பீக்கர். ஃபோனின் உள் ஸ்பீக்கர் இதற்கு உதவாது. டெனர் சாக்ஸின் மிகத் தாழ்ந்த சுரமே 104 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கிறது. டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஃபோன் ஸ்பீக்கரில் இந்தப் பகுதி ஏறக்குறைய முழுதும் தொலைந்துவிடும். பேஸ் கேட்காவிட்டால் கார்டு எங்கே மாறுகிறது என்று தெரியாது, சுற்றும் பிடிபடாது.

பேனா, ஒரு தாள். நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: நேரம், யார் முன்னால், எத்தனை சுற்று, கவனித்தது. எழுதாமல் கேட்டால் மூன்றாவது நிமிடத்தில் மனம் வேறெங்காவது போய்விடும்.

அரை மணி நேர அமர்வுகள், ஐந்தாறு. ஓர் அமர்வுக்கு ஒரு பாட்டு போதும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் காதுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். நான்கு வாத்தியங்களையும் ஒரே நேரத்தில் பின்தொடரப் பார்த்தால் ஒன்றுமே தேறாது.

## 2. கருவியைச் சரிசெய்தல்

ஸ்ட்ரீமிங்கில் கேட்பதாக இருந்தால் முதலில் ஷஃபிளையும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். ஐந்தாவது பாட்டான ‘ப்ளூ 7’ பேஸ் மட்டும் தனியாக நடப்பதில் தொடங்குகிறது. கிராஸ்ஃபேடு இருந்தால் அந்தத் தொடக்கத்தின் மேல் முந்தைய பாட்டின் வால் வந்து விழும்.

பேஸ் பூஸ்ட், சரவுண்ட் போன்ற விளைவுகளையும் நீக்குங்கள். பூஸ்ட் போட்டால் பேஸ் தெளிவாகாது. கொழகொழவென்று பரவி, ஒரு சுரத்தின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் கலந்துவிடும்.

இது மோனோ ஒலிப்பதிவு. இரு காதிலும் ஒரே ஒலி, எல்லாம் நடுவிலிருந்து வரும். ஹெட்ஃபோனில் கோளாறு என்று எண்ண வேண்டாம். பின்னாளில் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கப்பட்ட பதிப்பு கண்ணில் பட்டால் அதைத் தவிர்த்து மோனோவையே தேர்ந்தெடுங்கள்.

ஒலி அளவை ‘ப்ளூ 7’ தொடக்கத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். தனி பேஸின் ஒவ்வொரு சுரமும் முயற்சியின்றிக் கேட்கும் அளவுக்குக் கொண்டுவந்து, அதன்பின் தொடாமல் விடுங்கள். சாக்ஸை வைத்து அளவு வைப்பவர்கள் எல்லாரும் குறைத்தே வைப்பார்கள், ஏனென்றால் ராலின்ஸின் ஒலி அவ்வளவு முன்னால் நிற்கும். அப்போது முதலில் பலியாவது பேஸ்தான்.

## 3. நால்வரையும் தனித்தனியே அடையாளம் காணுதல்

‘செயின்ட் தாமஸ்’ பாட்டின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் நான்கு முறை ஓட்டுங்கள்.

முதல் முறை, டிரம்ஸ்: மேக்ஸ் ரோச். பாட்டைத் தொடங்குபவரே அவர்தான். இரண்டாம் முறை, பேஸ்: டக் வாட்கின்ஸ். மூன்றாம் முறை, பியானோ: டாமி ஃபிளானகன். சாக்ஸ் வாசிக்கும்போது அவர் தொடர்ந்து வாசிப்பதில்லை. இடைவெளி பார்த்துக் கார்டுகளைச் சின்னச் சின்னதாகக் குத்திவைப்பார். நான்காவதாகத்தான் சாக்ஸ்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. சாக்ஸை முதலில் கேட்டால் காது அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதைப் பிரித்தெடுத்துப் பேஸுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. பேஸ் சரியாகக் கேட்கவில்லை என்றால் இங்கேயே நில்லுங்கள். அடுத்த படிகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

## 4. ‘செயின்ட் தாமஸ்’: மெட்டை மனப்பாடம் செய்தல்

டிரம்ஸ் முன்னுரைக்குப் பின் மெட்டு வரும். ஜாஸ்காரர்கள் இதை ஹெட் என்பார்கள். அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, வாத்தியம் இல்லாமலே முணுமுணுக்கும் வரை பழகுங்கள். கலிப்ஸோ மெட்டு என்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ராலின்ஸின் தாய் விர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர். கரீபிய வழக்கு மெட்டு ஒன்றிலிருந்து உருவான பாட்டு இது.

மெட்டை நான்கு வரிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வரியும் இரண்டாம் வரியும் ஒன்றே. மூன்றாம் வரி வேறு திசையில் போகும். நான்காம் வரி முடித்துவைக்கும். வரிக்கு நான்கு பார் (நான்கு அடி கொண்ட அளவு ஒரு பார்), ஆக 16 பார். இந்த 16 பார் ஒருமுறை முடிந்தால் அது ஒரு கோரஸ். இனிமேல் இங்கே அதைச் சுற்று என்றே சொல்கிறோம்.

இந்தப் படியைத் தாண்டிப் போக நினைப்பவர்களே அதிகம். “மெட்டுதான் தெரியுமே, சோலோவுக்குப் போவோம்” என்று, ஒருவர் முன்னால் நின்று கற்பனையாக வாசிக்கும் அந்தப் பகுதிக்குப் போய், சோலோவில் தொலைந்து திரும்பி வருவார்கள். கேட்டால் அடையாளம் தெரிவது வேறு, கேட்காமலே பாட முடிவது வேறு. சோலோ நடக்கும்போது மெட்டை உள்ளுக்குள் நீங்கள்தான் பாடிக்கொண்டிருக்கப் போகிறீர்கள்.

## 5. பாரை விரலில் எண்ணுதல்

சிறுவயதிலிருந்து பழகிய விரல்கணு எண்ணிக்கை இங்கே அச்சாகப் பொருந்தும். கட்டைவிரலால் மற்ற விரல்களின் அடிக்கணு, நடுக்கணு, மேல்கணு, நுனி என்று நான்கு இடங்களைத் தொடுங்கள். ஓர் இடம் ஒரு பார். ஒரு விரல் ஒரு வரி. நான்கு விரல் முடிந்தால் 16 பார், ஒரு சுற்று.

எண்ணுவது அடியை அன்று, பாரை. ஒரு பாருக்குள் நான்கு அடிகள் உண்டு. ‘செயின்ட் தாமஸ்’ வேகமாக ஓடுவதால் ஒவ்வொரு அடிக்கும் கணு தொட்டால் கை தளர்ந்துவிடும். காலால் பாருக்கு இரண்டு தட்டு போடுங்கள். முதல் தட்டில் கட்டைவிரல் அடுத்த கணுவுக்கு நகரட்டும்.

முதலில் ஹெட்டில் எண்ணுங்கள். மெட்டின் வரியும் விரலும் ஒன்றாக மாறுகின்றனவா என்று பாருங்கள். இந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு 20 விநாடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். மிக நீண்டோ மிகச் சுருங்கியோ வந்தால் தட்டின் வேகம் தவறு. சரியாக வந்தபின் எண்ணிக்கையை விடாமல் சோலோவுக்குள் நுழையுங்கள்.

எண்ணிக்கை நழுவினால் பாட்டை நிறுத்த வேண்டாம். சுண்டுவிரல் நுனி வரை போய்த் திரும்பும் இடத்தை ரோச் பல நேரம் ஒரு சிறு உருட்டலாலோ அழுத்தமான அடியாலோ காட்டிக்கொடுப்பார். பேஸும் சுற்றைத் தொடங்கிய கார்டுக்கு, அதாவது தன் வீட்டுக்கு, திரும்பும். அங்கே மீண்டும் ஏறிக்கொள்ளலாம். இந்த ஏறிக்கொள்ளும் பழக்கம்தான் தவறாமல் எண்ணுவதைவிட முக்கியம். அனுபவப்பட்ட கேட்பவர்களும் நழுவுவார்கள், சட்டென்று திரும்பிவிடுவார்கள்.

## 6. இரண்டு சுரத்தைப் பின்தொடர்தல்

இப்போது ‘செயின்ட் தாமஸ்’ முதல் சாக்ஸ் சோலோ. ராலின்ஸ் இரண்டே சுரங்களைக் கொண்ட ஒரு துணுக்கில் தொடங்குகிறார். அதைச் சொல்கிறார், இடம் விடுகிறார், மறுபடி சொல்கிறார், அடியின் வேறொரு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். விரல் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்தத் துணுக்கு ஒவ்வொரு முறையும் பாரின் வேறு இடத்தில் விழுவது தெரியும். எண்ணாமல் கேட்பவருக்கு இது ஒன்றையே திரும்பச் சொல்வதாக மட்டும் படும்.

தாளில் அந்தத் துணுக்கு வரும் இடங்களுக்கெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். அது எந்தச் சுற்றில் நீண்ட ஓட்டமாக மாறிப்போகிறது என்பதையும் குறியுங்கள். சோலோ என்பது விரல் போன போக்கில் கொட்டும் சுரங்கள் என்ற எண்ணம் இங்கே உடையும்.

அடுத்து டிரம்ஸ் சோலோ. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது தாளம் போட்டுக்கொண்டே இருப்பது போல, இங்கேயும் கையை நிறுத்தக் கூடாது. மெட்டும் கார்டும் இல்லாத வேளையில் மெட்டை நீங்களே மனத்தில் பாடுங்கள். ரோச்சின் அடிகளில் அதன் வரிகள் தட்டுப்படும்.

அதன்பின் சாக்ஸ் திரும்பி வரும்போது கலிப்ஸோ போய் ஸ்விங் நடை வந்திருக்கும். பேஸ் ஓர் அடிக்கு ஒரு சுரமாக நடக்கத் தொடங்கும், ரைடு சிம்பல் ஓடும். வேகம் கூடிவிட்டதாகப் பலருக்கும் தோன்றும். பாரின் நீளம் மாறவில்லை. காலைத் தட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு பியானோ சோலோ, அதற்குப் பின் கலிப்ஸோவாகவே மெட்டு திரும்பும்.

## 7. ‘மோரிடாட்’: 2, 4-இல் கை தட்டுதல்

ஆல்பத்தின் வரிசையில் இது நான்காவது. பயிற்சியில் இரண்டாவதாக வைக்கிறோம், ஏனென்றால் இதுவும் 16 பார், மெட்டும் எளிது. கர்ட் வைல் இசையமைத்து, 1928-இல் பெர்லினில் மேடையேறிய நாடகத்தின் பாட்டு. ‘மேக் தி நைஃப்’ என்ற பெயரில் பலருக்கும் தெரியும். லூயி ஆம்ஸ்ட்ராங் 1955-இல் பாடிய பதிவை முதலில் ஒருமுறை கேளுங்கள். மூன்று சுரம் ஏறி மேல் சுரத்தில் தங்கும் அந்தத் துணுக்கு மனத்தில் பதிந்துவிடும்.

பிறகு ராலின்ஸ். இங்கே வேலை ஒன்றுதான்: பாரின் இரண்டாம், நான்காம் அடிகளில் கை தட்டுவது. ஹை-ஹாட் சிம்பலை ரோச் காலால் மூடும் ‘சிக்’ ஒலியைத் தேடுங்கள். அது விழுவது அந்த இரண்டு அடிகளில்தான். முதல், மூன்றாம் அடிகளில் தட்டினால் பாட்டு அணிவகுப்பு போலக் கனத்துப்போகும். கை தானாக முதல் அடிக்கு ஓடும்; ஒவ்வொரு முறையும் ‘சிக்’கைப் பிடித்துத் திருத்துங்கள்.

தட்டு நிலைத்ததும் சாக்ஸைக் கவனியுங்கள். ராலின்ஸ் பல இடங்களில் அடிக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து வாசிக்கிறார். உங்கள் தட்டு உறுதியாக இருந்தால் அந்தச் சாய்வு துல்லியமாகத் தெரியும். தட்டு அவர் பின்னாலேயே இழுபட்டுப் போனால் சாய்வும் மறையும், பாட்டும் மந்தமாகும். காது சாக்ஸில், கை டிரம்ஸில்: இந்தப் பிரிவினை வர நாளாகும். இந்த ஆல்பத்தின் இன்பத்தில் பாதி இதில்தான் இருக்கிறது; அவசரப்படாதீர்கள்.

## 8. ‘ப்ளூ 7’: 12 பார்

இது ப்ளூஸ்; சுற்று 12 பார். மூன்று விரல் மட்டும் எண்ணுங்கள், சுண்டுவிரலை விடுங்கள். 16-க்குப் பழகிய கை நான்காவது விரலுக்குப் போகப் பார்க்கும், முதலில் எல்லாருக்கும் நேர்வதுதான்.

வாட்கின்ஸ் தனியாகத் தொடங்கும்போதே எண்ணத் தொடங்கிவிடுங்கள். அந்தப் பேஸ் நடையிலேயே சுற்றின் வடிவம் இருக்கிறது. அடுத்து டிரம்ஸ் அமைதியாகச் சேரும். பிறகு சாக்ஸின் மெட்டு வரும்; அதைப் பாட முயன்றால் வழுக்கும். குறை உங்கள் காதில் இல்லை. பாட்டு பி ஃபிளாட் ப்ளூஸ். மெட்டின் உயிர்நாடியான டி, ஏ ஃபிளாட் என்ற இரண்டு சுரங்கள் பி ஃபிளாட் செவன்த் கார்டிலும் இருக்கின்றன, அதிலிருந்து வெகுதூரத்திலுள்ள ஈ செவன்த் கார்டிலும் இருக்கின்றன. எந்த வீட்டுக்கு உரியது என்று மெட்டு உறுதியாகச் சொல்வதில்லை. அந்த நிலையின்மையைச் சரிசெய்ய முயலாமல் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது இதில் ஒரு ராகத்தைத் தேடும், சுருதியை நிலையாகப் பிடித்துவைக்கும். கீழே கார்டு மாறுவதால் முதல் பாரில் இழைந்த சுரமே ஐந்தாம் பாரில் வேறு நிறம் காட்டும். ஐந்தாம் பார், அதாவது இரண்டாம் விரலின் அடிக்கணு, பேஸ் வேறு கார்டுக்கு நகரும் இடம். ஒன்பதாம் பார் மூன்றாம் விரலின் தொடக்கம். வீட்டுக்குத் திரும்பும் பயணம் அங்கே ஆரம்பிக்கும். இந்த இரண்டு திருப்பங்களை மட்டும் முதலில் பிடியுங்கள்.

அதன்பின் சோலோ. மெட்டின் துணுக்குகள் சோலோவுக்குள் எங்கெல்லாம் தலைகாட்டுகின்றன என்று தாளில் குறியுங்கள். 1958-இல் கன்தர் ஷுல்லர் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை இந்த ஒரு பாட்டை எடுத்து, ராலின்ஸ் கருத்துத் தொடர்ச்சியோடு வாசிக்கிறார் என்று காட்டியது. கட்டுரையை முதலில் படிக்க வேண்டாம். உங்கள் குறிப்புத் தாளை நிரப்பியபின் படித்தால்தான் உங்கள் காது எதைப் பிடித்தது, எதை விட்டது என்று தெரியும்.

ரோச்சின் சோலோவையும் இதே முறையில் கேளுங்கள். மூன்று மூன்றாக விழும் ஓர் அடித் துணுக்கையும் ஸ்னேர் டிரம்மில் ஓர் உருட்டலையும் வைத்துக்கொண்டே அவர் பெரும்பகுதியைக் கட்டுகிறார். பாட்டு 11 நிமிடத்துக்கு மேல் நீளும். ஒரே மூச்சில் எண்ண முடியாவிட்டால் சாக்ஸ், பியானோ, டிரம்ஸ் என்று மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

## 9. பாலட்: ஒலியைக் கேட்டல்

‘யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்’ பாட்டில் எண்ணிக்கையைக் கொஞ்சம் தளர்த்தலாம். 32 பார், எட்டெட்டாக நான்கு பகுதி. முதல், இரண்டாம், கடைசிப் பகுதிகள் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு. மெதுவான நடை என்பதால் ஒரு சுற்றுக்கே ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். மூன்றாம் பகுதி வருவது தெரிந்தால் போதும். பில்லி ஹாலிடே 1958-இல் ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்தில் பாடியதைக் கேட்டால் மெட்டு எளிதில் பதியும்.

இங்கே கேட்க வேண்டியது டெனர் சாக்ஸின் ஒலியை. ஒரு நீண்ட சுரத்தைத் தேர்ந்தெடுத்து மூன்று கட்டங்களாகக் கேளுங்கள்: நாக்கால் தட்டித் தொடங்குகிறதா, காற்றோடு கசிந்து தொடங்குகிறதா, நடுவில் நேராக நிற்கிறதா, முடிவில் அதிர்வு சேர்கிறதா. பிறகு அதே கேள்விகளோடு தாழ்ந்த சுரம் ஒன்று, உயர்ந்த சுரம் ஒன்று. டெனரின் அடிப்பகுதியில் காற்றின் ஓசை அதிகம் கலந்திருக்கும், மேலே போகப்போக இறுகும்.

சாக்ஸ் இருமடங்கு வேகத்தில் ஓடும் இடங்களில் காலைப் பேஸோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தைத் தொடர்ந்து காலும் வேகமெடுத்தால் பாட்டின் நிதானம் கலைந்துபோகும்.

## 10. ‘ஸ்ட்ரோட் ரோட்’

கடைசியாக வைத்ததற்குக் காரணம் வேகமும், மற்றவற்றைப் போல எளிமையாக இல்லாத வடிவமும். கணுக்களை எண்ண வேண்டாம். சாக்ஸும் பேஸும் மட்டும் எதிரெதிரே நின்று வாசிக்கும் பகுதியைத் தேடிப் பிடியுங்கள். டிரம்ஸ் இல்லாதபோதும் நேரம் எவ்வளவு உறுதியாக நிற்கிறது, மற்றவர்கள் திரும்பி வரும் கணத்தில் ஒலி எப்படி விரிகிறது என்று கேட்டால் போதும்.

## 11. முழு ஆல்பம், அதன் வரிசையில்

எல்லாம் முடிந்தபின் ஒருநாள் தாளும் பேனாவும் இல்லாமல் முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். இசைத்தட்டில் முதல் பக்கம் மூன்று பாட்டு, இரண்டாம் பக்கம் ‘மோரிடாட்’, ‘ப்ளூ 7’. மூன்றாவது பாட்டுக்குப் பின் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இசைத்தட்டைத் திருப்பிப் போடும் அந்த இடைவெளிக்குப் பின் இரண்டு நீண்ட பாட்டுகளுக்குக் காது புதிதாக இருக்கும். விரல் தானாக எண்ணினால் எண்ணட்டும், தடுக்க வேண்டாம்.

அடுத்த ஆல்பமாக ராலின்ஸின் ‘வே அவுட் வெஸ்ட்’ஐ எடுத்துக்கொள்ளலாம். 1957 பதிவு, ரே பிரவுன் பேஸ், ஷெல்லி மேன் டிரம்ஸ், பியானோ கிடையாது. கார்டைச் சொல்லித்தர ஃபிளானகன் அங்கே இருக்க மாட்டார், பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு சுற்றை நீங்களே சுமக்க வேண்டும். ‘ப்ளூ 7’ பாட்டில் ஐந்தாம் பாரும் ஒன்பதாம் பாரும் விரலைப் பார்க்காமலே தெரியத் தொடங்கிய பிறகு அதைத் திறங்கள்.